ஆற்றுமணலிலிருந்து மலையேறிய விடுமுறை

இரண்டு மூன்று நாள் லீவு கிடைத்தால் வேன் பிடித்து ஊர் பார்க்கப் போகும் பழக்கத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள் உண்டு. அந்தக் காலத்தில் பக்தியோடு யாத்திரை போனார்கள், இப்போது ஊட்டிக்கு ஓடிப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள் என்பது ஒன்று. ஊர் பார்க்கும் பழக்கமே வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்தது, ஊட்டியும் கொடைக்கானலும் ஏற்காடும் அவன் கைங்கரியம் என்பது இன்னொன்று. முதலாவது புலம்பல், இரண்டாவது நன்றியறிதல். ஆனால் இரண்டும் ஒரே அனுமானத்தில் நிற்கின்றன: கோயிலுக்குப் போவது ஒரு மரபு, ஊர் பார்க்கப் போவது வேறொரு மரபு, நடுவில் எங்கோ கயிறு அறுந்துவிட்டது. ஆதாரங்களைப் பார்த்தால் அப்படி அறுந்ததாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டின் குறுகிய விடுமுறைப் பயணம் திருவிழாவிலிருந்து வளர்ந்தது என்பதே என் துணிபு. ஆங்கில ஆட்சி சில புதிய இடங்களையும் ரயிலையும் தந்தது. போகிற விதம், அதாவது கும்பலாக, குடும்பத்தோடு, சோறு கட்டிக்கொண்டு, தூக்கத்தை வழியிலேயே முடித்துக்கொண்டு போகும் அந்த விதம், நம் பழைய சரக்கு.

முதலில் மலைகளை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு ஏறினார். சில ஆண்டுகளில் அங்கே கல்வீடு கட்டினார், ஏரி வெட்டவைத்தார். 1870 முதல் சென்னை மாகாண அரசே கோடையில் ஊட்டிக்கு இடம்பெயர்ந்தது. காலப்போக்கில் இது ஆண்டில் பாதி நாள் மலைவாசமாகவே ஆகிவிட்டது. வரிப்பணத்தில் இப்படி ஒரு குளிர்வாசமா என்று சென்னைப் பத்திரிகைகள் கண்டித்து எழுதியதும் உண்டு. கொடைக்கானலின் கதை இன்னும் சோகமானது. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு, உயிர் தப்ப 1845-இல் அங்கே இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். ஏரி 1863-இல் வந்தது. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் கட்டியது. 1914-இல் மலைச்சாலை முடியும்வரை பெரியகுளம் பக்கத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் குதிரையிலும் டோலியிலும்தான் ஏற வேண்டும். டோலியைத் தூக்கியவர்கள் நம் ஆட்கள். இவற்றில் எதுவும் குறுகிய விடுமுறை அல்ல. இரண்டு நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப அவர்கள் மலையேறவில்லை, குடியிருக்கப் போனார்கள். அந்த மலைகளில் தமிழர் குமாஸ்தாவாக, சமையல்காரராக, தோட்டக்காரராக, சுமைகூலியாக இருந்தார்கள். எசமானர் ஆறு மாதம் தங்கியதைப் பார்த்து இரண்டு நாள் சுற்றுலா போகக் கற்றுக்கொண்டோம் என்பது பொருந்தாத கணக்கு.

அப்படியானால் இரண்டு நாள் பயணத்தை எங்கே கற்றோம்? சித்திரை மாதத்து வைகையைப் பார்க்க வேண்டும். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தையும் சித்திரையில் அழகர் இறங்கும் விழாவையும் திருமலை நாயக்கர் ஒன்றாக இணைத்தார் என்று மதுரையில் சொல்வார்கள். அறுவடை முடிந்து வண்டி மாடும் ஆளும் ஓய்ந்திருக்கும் காலம் தேர் இழுக்கத் தோதானது என்றும் அதற்குக் காரணம் சொல்வதுண்டு. காரணம் எதுவானாலும் விளைவு தெளிவானது: பதினேழாம் நூற்றாண்டிலேயே ஒரு பெரிய வட்டாரத்து உழவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை ஊரை விட்டு வெளியே தங்கும் நாட்கள் குறிக்கப்பட்டுவிட்டன. கூட்டுவண்டி கட்டி, அரிசியும் பாத்திரமும் ஏற்றி, கிழவியிலிருந்து கைக்குழந்தை வரை கிளம்பி, ஆற்றுமணலிலோ மண்டபத்திலோ தங்கி, அங்கேயே பொங்கித் தின்று, அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையும் அவர் ஆற்றில் இறங்குவதும் பார்த்து, ராட்டினம் சுற்றி, வளையலும் இரும்புச்சட்டியும் வாங்கித் திரும்பும் பயணம் அது. இதில் பக்தி எத்தனை பங்கு, வேடிக்கை எத்தனை பங்கு என்று பிரிக்க முயல்வது வீண் வேலை. சர்க்கரைக் கிண்ணம் ஏந்திச் சாமி கும்பிட்டவர்தான் அடுத்த நாழிகை பொம்மலாட்டத்துக்கு முன்னால் வாய்பிளந்து உட்கார்ந்திருந்தார். அழகர் கோயிலைப் பற்றி ஆய்ந்து எழுதிய தொ. பரமசிவன் இந்த விழாவில் நாட்டுப்புற உழவர்களின் பங்கைத் தனியே எடுத்துப் பேசினார். அவர் நோக்கம் சமய வரலாறு. ஆனால் அந்த ஆய்வை விடுமுறையின் வரலாறாகவும் வாசிக்க இடமிருக்கிறது. தமிழ்நாட்டுப் பெருந்திருவிழாக்கள் தையிலிருந்து வைகாசி வரை குவிந்து கிடப்பதைக் கவனித்தால், வயலில் வேலை ஓய்ந்த காலம்தான் பலருக்கு லீவு மனு இல்லாத லீவாக இருந்தது என்பது புரியும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். திருவிழாவுக்குப் போவது சாமிக்காக. இயற்கையை இயற்கைக்காகப் பார்ப்பது ஐரோப்பிய ரசனை அல்லவா? தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஓவியர்கள் 1792-இல் தெற்கே வந்து அருவிகளை வரைந்த பிறகுதானே அருவி ஒரு ‘காட்சி’ ஆயிற்று? இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஓரிடத்தில் நின்று பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்கென்று திண்ணை கட்டி, கம்பி போட்டு, பெயர்ப்பலகை நடுவது நம் வழக்கம் அல்ல. ஏரியில் மீன் பிடிக்கவோ அக்கரை போகவோ அல்லாமல் சும்மா படகு விடுவதும் அப்படித்தான். ஆனால் அருவியை அனுபவிக்க யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதிய குற்றாலக் குறவஞ்சி ஒரு கோயில் ஊரைப் பற்றிய நூல்தான். அதில் மலையும் அருவியும் குரங்கும் தேனும் பெறுகிற இடம் சாமிக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. ஆடிப் பெருக்கு அன்று காவிரிக் கரையில் புளியோதரையும் தேங்காய்ச் சோறும் தயிர்சோறும் வைத்துக்கொண்டு உட்கார்ந்த குடும்பங்கள் பெருகி வந்த தண்ணீரைத்தான் பார்க்கப் போயின. தண்ணீரே தெய்வமாக இருந்ததால் பார்ப்பதும் கும்பிடுவதும் ஒரே செயலாயின, அவ்வளவே. ஐரோப்பியர் அருவியைத் தள்ளி நின்று பார்த்தார்கள். தமிழர் அதன் அடியில் போய் நின்றார்கள். குற்றாலத்தில் இன்றும் இரண்டாவதுதான் நடக்கிறது. ரசிகமணி டி.கே.சி. அங்கே வசித்த காலத்தில் சாரல் பருவம் வந்தால் ராஜாஜி, கல்கி போன்ற நண்பர்கள் வந்து கூடுவார்கள். காலையில் அருவிக் குளியல், பிறகு கம்பன், நடுவில் நல்ல சாப்பாடு. தமிழ் நடுத்தர வர்க்கம் தனக்கென்று உருவாக்கிக்கொண்ட விடுமுறைக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை. அதில் ஊட்டியின் வாடை துளியும் இல்லை.

யாத்திரையின் பழைய பெருமைக்கு வருவோம். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் காசிக்குக் கிளம்பி அடுத்த ஆண்டு செப்டம்பரில் திரும்பினார். அவர் தெலுங்கில் எழுதிய பயண நூல் 1838-இல் அச்சாயிற்று. பல்லக்கு, கூடாரம், ஏறக்குறைய நூறு பேர் கொண்ட பரிவாரம் என்று போன பயணம் அது. கஷ்டப்பட்டுப் போனால்தான் புண்ணியம் என்பவர்கள் அந்தக் கஷ்டத்தின் விலையைப் பார்க்க வேண்டும்: ஓராண்டுக்கு மேல் வேலையை விட்டுவிட்டு, வழிச்செலவும் காவலும் தானே ஏற்றுப் போகக்கூடியவர் ஊருக்கு எத்தனை பேர்? காந்தி 1909-இல் ‘இந்து சுயராஜ்ய’த்தில் ரயிலைக் கடுமையாகச் சாடினார், முன்பு புண்ணியத் தலங்களுக்கு மிகுந்த சிரமத்தோடு உண்மையான பக்தர்களே போனார்கள், இப்போது போக்கிரிகளும் போகிறார்கள் என்பது அவர் வாதங்களில் ஒன்று. காந்தியின் மற்ற ரயில் கண்டனங்களில், குறிப்பாக மூன்றாம் வகுப்பு அவலம் பற்றி அவர் 1917-இல் எழுதியதில், எனக்குப் பிணக்கில்லை. இந்த வாதம் மட்டும் நிற்காது. சிரமம் பக்தியை அளக்கவில்லை. வசதியை அளந்தது, உடல்வலுவை அளந்தது. விதவைப் பாட்டியையும் கூலிக்காரரையும் அது வடிகட்டி வெளியே நிறுத்தியது. அந்தச் சிரமத்தைக் குறைக்கத்தான் தஞ்சை மராட்டிய அரசர்களும் ராணி மங்கம்மாளும் சேதுபதிகளும் ராமேசுவரம் போகும் வழிகளில் சத்திரங்கள் கட்டினார்கள். சிரமமே புண்ணியம் என்று அவர்கள் நினைத்திருந்தால் ஒரத்தநாட்டுச் சத்திரத்துக்கு வேலையே இருந்திருக்காது.

1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியபோது, இந்தியர்கள் ஏழைகள், ஆசாரம் வேறு பார்ப்பவர்கள், ஆகவே பயணிகளால் பெரிய வருமானம் இராது என்ற ஐயம் ரயில் முதலீட்டாளர்களிடையே இருந்தது. நடந்தது நேர்மாறு. மூன்றாம் வகுப்புக் கூட்டம் பெட்டிகளை நிரப்பியது; அந்தக் கூட்டத்தைத் திருவிழாக்கள் கொண்டுவந்து சேர்த்தன. கம்பெனிகள் விழாக்காலச் சிறப்பு ரயில்கள் விட்டன. தென்னிந்திய ரயில்வே வெளியிட்ட வழிகாட்டி நூலில் ஊர்தோறும் எந்தக் கோயில், எந்த மாதம் உற்சவம், எங்கே சத்திரம் என்ற விவரங்கள் அடங்கியிருந்தன. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் ராமேசுவரம் தோணியேறிப் போக வேண்டிய ஊராக இல்லாமல் ரயிலில் ஏறி இறங்கும் ஊராயிற்று. மாதக்கணக்கான யாத்திரை நாட்கணக்கில் சுருங்கியது இங்கேதான். பக்தியின் வடிவம் மாறியதா என்றால் மாறியது. தூரத்துத் தலத்துக்கும் பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கும் இருந்த வித்தியாசம் குறைந்தது. காசி வைகை ஆகவில்லை. ராமேசுவரம் கிட்டத்தட்ட ஆகிவிட்டது.

சுற்றுலாவை மேற்கிலிருந்து வந்த சரக்கு என்பவர்கள் மேற்கின் கதையையும் சரியாகப் பார்ப்பதில்லை. தாமஸ் குக் 1841-இல் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு ரயிலில் சில நூறு பேரை அழைத்துப்போனதைச் சுற்றுலாவின் பிறப்பு என்பார்கள். அது மதுவிலக்குக் கூட்டத்துக்குப் போன பயணம். கிட்டத்தட்ட ஒரு பஜனைக் கோஷ்டி. லங்காஷயர் பருத்தி ஆலை ஊர்களில் இன்னும் தெளிவான சான்று கிடைக்கிறது. அங்கே ஒவ்வொரு ஊருக்கும் அதன் மாதா கோயில் திருநாளை ஒட்டிய பழைய கொண்டாட்டம் ஒன்று உண்டு. ஆலை முதலாளிகளால் அதை நிறுத்த முடியவில்லை. தொழிலாளர் எப்படியும் வேலைக்கு வரமாட்டார்கள். ஆகவே அந்த வாரம் முழுவதும் ஆலையையே மூடினார்கள். ரயில் வந்ததும் ஊரே திரண்டு பிளாக்பூல் கடற்கரைக்குப் போனது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற தொழிலாளர் விடுமுறை ஒரு கோயில் திருவிழா கடற்கரைக்கு நகர்ந்ததுதான். அங்கே நடந்ததும் இங்கே நடந்ததும் ஒரே வகை. அவர்களிடம் நாம் கடன் வாங்கவில்லை.

லீவு என்ற ஏற்பாட்டிலும் இந்தத் தொடர்ச்சியைப் பார்க்கலாம். 1891-இன் ஆலைச் சட்டத் திருத்தம் வார ஓய்வைத் தந்தது. 1948-இன் சட்டம் ஆண்டில் 240 நாள் வேலை செய்த தொழிலாளிக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. 1958-இல் தமிழகத்தில் வந்த சட்டம் தேசிய விடுமுறைகளோடு பண்டிகை விடுமுறைகளையும் தொழில் நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கியது. மத்திய அரசு 1956-இல் தன் ஊழியர்களுக்குப் பயணச் சலுகை தந்தபோது அதை முதலில் சொந்த ஊருக்குப் போய்வரத்தான் தந்தது. சொந்த ஊர் என்றால் பாட்டி வீடு, குலதெய்வம், ஊர்க்கொடை. இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்ற தளர்வு பின்னால் வந்தது. 1985-இல் மத்திய அரசு அலுவலகங்களுக்கு ஐந்து நாள் வாரம் வந்த பிறகு சனி ஞாயிறோடு ஒரு பண்டிகை ஒட்டிக்கொண்டால் மூன்று நாள் கிடைத்தது. இன்று ஜனவரியில் காலண்டர் வந்தவுடன் சிவப்பு எழுத்துகள் எந்தக் கிழமையில் விழுகின்றன என்று பார்க்கிறோமே, அந்தச் சிவப்பு எழுத்துகளில் பெரும்பாலானவை திருநாட்கள். நவீன அரசு பஞ்சாங்கத்தை வேறு தாளில் அச்சடித்துக் கொடுத்தது.

இத்தனையும் சொன்ன பிறகு, திருவிழாவை எல்லோருக்கும் திறந்த சொர்க்கமாகக் காட்டுகிறேனா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சத்திரத்துச் சோறு சாதி பார்த்தே போடப்பட்டது. ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் பிராமணருக்குத் தனி இடம் இருந்து, பெரியாரின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு 1941-இல்தான் ஒழிந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டோரும் நாடார்களும் நுழைந்தது 1939 ஜூலையில். அதற்கு முன் அவர்கள் பார்த்தது கோயிலைவிட்டு வெளியே வந்த சாமியைத்தான்: தேரில், வீதியில், ஆற்றில். ஆற்றுமணல் கோயிலைவிடப் பெரிய கூட்டத்தைச் சேர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். இங்கே ஆங்கில ஆட்சி தந்த இடங்களின் உண்மையான மதிப்பு வெளிப்படுகிறது, அதை மறைப்பது நேர்மையல்ல. எழும்பூர் மியூசியத்துக்கும் விலங்குக் காட்சிசாலைக்கும் மெரினாவுக்கும் வாசல் காவலாகச் சாதி நிற்கவில்லை. சென்னை மக்கள் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்றும் அழைத்தார்கள். இத்தனை செல்லமாகப் பெயர் வைப்பவர்கள் அடிக்கடி போனவர்களாகத்தான் இருப்பார்கள். காணும் பொங்கலுக்கு இந்த இடங்களில் இன்றும் திரளும் கூட்டத்தில் உழைக்கும் மக்களே அதிகம். ஆனாலும் எந்த நாளில் போகிறார்கள் என்று பாருங்கள். புது இடம், பழைய திருநாள்.

இடம் புதிதாகிக்கொண்டே போனது, போகிற விதம் மாறவில்லை. பாஸ்கரத் தொண்டைமான் ‘வேங்கடம் முதல் குமரி வரை’ எழுதியபோது கோயில்களைப் பக்தராகவும் சிற்ப ரசிகராகவும் ஒரே மூச்சில் பார்த்தார். வாசகர்கள் அந்த நூலைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். 1971-இல் அரசு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கியது. தனியார் வேன்காரர்களோ அதற்குச் சளைக்காமல் தாங்களே பட்டியல் போட்டுக்கொண்டார்கள்: பழனியில் சாமி தரிசனம், அப்படியே கொடைக்கானல், ராமேசுவரத்தில் தீர்த்தம், அப்படியே கன்னியாகுமரி, சபரிமலையிலிருந்து திரும்பும்போது குற்றாலத்தில் ஒரு குளியல். மாலை போட்டவர்கள் வரும் கார்த்திகை, மார்கழி மாதங்கள் குற்றாலக் கடைக்காரர்களுக்கு இரண்டாவது சீசன். கொடைக்கானலிலேயே, அதுவும் தமிழரை மணந்த ஒரு ஐரோப்பியப் பெண்மணி 1936-இல் கட்டிய குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்று பழனி மலையைத் தேடாத சுற்றுலாக் குடும்பம் குறைவு. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகிறவர்கள் இடையில் ஒரு கடற்கரையைச் சேர்த்துக்கொள்ளாமல் இருப்பதில்லை. ஆன்மிகச் சுற்றுலா என்று இதற்கு இப்போது பெயர் வைத்துத் தனித்துறை ஆக்கியிருக்கிறார்கள். ஆற்றுமணலில் கிண்ணமும் ராட்டினமும் அருகருகே இருந்தபோது அதற்குப் பெயர் தேவைப்படவில்லை.

இந்த வரலாற்றை இப்படிப் படிப்பதால் ஒரு நடைமுறை விளைவு உண்டு. மலை ஊர்களில் வண்டி நெரிசல் தாங்காமல் 2024 மே மாதம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு உயர் நீதிமன்றம் நாளொன்றுக்கு எத்தனை வண்டி என்றும் வரையறுத்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலையின் தண்ணீரும் காடும் அளவுள்ளவை. ஆகவே வரம்பு தேவைதான். ஆனால் கூடவே எழும் முணுமுணுப்பு வேறு வகை: வேனிலேயே தூங்குகிறார்கள், சாலையோரம் ஸ்டவ் வைத்துப் பொங்குகிறார்கள், குப்பை போடுகிறார்கள், சுற்றுலாவுக்கு இலக்கணம் தெரியாதவர்கள். குப்பைக்கு மன்னிப்பு இல்லை. மற்றவை திருவிழாவின் இலக்கணம். சில நூறு பங்களாவாசிகள் மாதக்கணக்கில் இருப்பதற்கென்று அமைத்த ஊருக்கு, ஒரு ராத்திரிக்கு வந்து பொங்கித் தின்று திரும்பும் பழக்கமுள்ள கூட்டம் போய்க்கொண்டிருக்கிறது. நட்சத்திர விடுதி அந்தக் கூட்டத்துக்குப் பயன்படாது. மலைமீது மண்டபம் கட்ட இடமும் இல்லை, கட்டவும் கூடாது. அடிவாரத்தில் இடம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலும் வத்தலக்குண்டிலும் வண்டிகளை நிறுத்தி, குளிக்கவும் சமைக்கவும் படுக்கவும் கூரை போட்டுக் கொடுத்து, மேலே அரசுப் பேருந்தில் அனுப்பலாம். செலவை யார் ஏற்பது என்று கேட்பார்கள். ராமேசுவரம் சாலையில் அரசர்கள் ஏற்றார்கள். பழனிப் பாதயாத்திரை வழியில் நகரத்தார் சத்திரங்கள் ஏற்கின்றன. மலைக்கு வரும் வண்டிகளிடம் வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்க மாவட்ட நிர்வாகங்களுக்குப் பெரிய தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.